இடது பக்கம் தண்ணீர் வரவில்லை

அக்கா: கையைக் குறுக்கே வைக்காதடா. வெளிச்சம் மறைக்குது.

தம்பி: கை இல்லாம எதை வெச்சு மொள்றது? மூக்கை வெச்சா?

அக்கா: மூக்கே போதும். அப்பா மூக்கை அப்படியே எடுத்து ஒட்டின மாதிரி வளர்ந்திருக்கு.

அப்பா: என் மூக்கைப் பத்திப் பேசுறது எனக்குக் கேக்குது.

அக்கா: கேக்கட்டும்னுதான் பேசுறோம். நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோங்கப்பா, தண்ணி தெறிக்கும்.

அப்பா: தெறிச்சா தெறிக்கட்டும். எதுவரைக்கும் நிக்குது?

தம்பி: கார் பேட்டரி முழுகிடுச்சு. மேல ரெண்டு முனை மட்டும் தெரியுது. பச்சையாப் பூத்துக் கிடக்கு.

அப்பா: குழி பூராவுமா?

தம்பி: பூராவும். மீன் விட்டு வளர்க்கலாம்.

அப்பா: முதல்ல மொண்டு ஊத்து. மீனை அப்புறம் வாங்கிக்கலாம்.

அக்கா: எனக்கு ஒண்ணு புரியலப்பா. எஞ்சினைக் கொண்டுபோய்ப் பின்னாடி வெச்சுட்டான். டிக்கியை முன்னாடி வெச்சுட்டான். சரி, ஸ்போர்ட்ஸ் காரு, அது அப்படித்தான்னு விட்டுடலாம். பேட்டரியை எந்தப் புண்ணியவான் கண்ணாடிக்கு அடியில வெச்சான்? மழை பெஞ்சா கண்ணாடில விழற தண்ணி மொத்தமும் இதுக்குள்ளதானே இறங்குது?

அப்பா: வெச்சவன் முட்டாள் இல்லம்மா. தண்ணி இறங்கும்னு தெரிஞ்சுதான் அடியில ரெண்டு ஓட்டை விட்டிருக்கான். இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. ரெண்டுலயும் ரப்பர் குழாய். சக்கரத்துக்குப் பின்னாடி வந்து வடிஞ்சுடும்.

அக்கா: அது தெரியும். அதைப் பார்த்துத்தானே நாங்க வளர்ந்தோம்.

அப்பா: தெரிஞ்சா சரி. ஒண்ணு அடைச்சுக்கிட்டாலும் இன்னொண்ணு வடிச்சு விட்டுடும். ரெண்டும் ஒண்ணா அடைச்சாத்தான் குழி ரொம்பும். நான் வாங்கினதுல இருந்து ஒரு தடவை கூட ரொம்பினது கிடையாது.

தம்பி: இலை கிலை அடைச்சிருக்கும்ப்பா.

அப்பா: இலையா?

தம்பி: இல்ல... பழைய வண்டி. குப்பை சேரும்ல.

அப்பா: நம்ம வாசல்ல மரம் எங்கடா இருக்கு? சும்மா கேட்டேன். மொள்ளு.

அக்கா: உள்ள வேற போயிருக்கு. கால் வைக்கிற இடத்துல கார்ப்பெட்டைத் தொட்டா சொத சொதன்னு இருக்கு.

அப்பா: ஃபேன் காத்து வர்ற வழியா வழிஞ்சு போயிருக்கும். அதுக்குக் கீழதான் ஃபியூஸ் டப்பா. அதுக்கும் கீழ கருப்புப் பொட்டி ஒண்ணு இருக்கும். அது போச்சுன்னா வண்டி போச்சு.

தம்பி: போயிருக்கும்ப்பா. சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்ல. டக்குனு கூட சொல்லல.

அப்பா: பார்க்காமயே போயிருக்கும்ங்கிற.

தம்பி: இவ்வளவு தண்ணி நின்னா எது தாங்கும்? அந்தப் பொட்டி இப்ப எங்கயும் கிடைக்காது. இந்த வண்டியைச் செஞ்ச ஆளுங்களே இப்ப உயிரோட இருப்பாங்களான்னு தெரியல.

அக்கா: டேய், அபசகுனமா பேசாத. காய வெச்சுப் பார்க்கலாம். ஹேர் டிரையர் போட்டுக் காய வைக்கிறேன். புது பேட்டரி போட்டா எடுத்துக்கும். அம்மாவுக்காகவாவது எடுத்துத்தான் ஆகணும். சொல்ல மறந்துட்டேன்ப்பா. நேத்து கூட அம்மா ஜன்னல்கிட்டயே நின்னுட்டு இருந்தாங்களாம்.

அப்பா: யாரு?

அக்கா: அம்மாதான். ஹோம்ல. சாயங்காலம் நீங்க போற நேரத்துக்குக் கரெக்டா எழுந்து போய் நின்னாங்களாம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, தெருமுனையையே பார்த்துக்கிட்டு.

அப்பா: அப்படியா.

அக்கா: காரு வரலையா, காரு வரலையான்னு ரெண்டு தடவை கேட்டாங்களாம்.

அப்பா: ...ம்.

அக்கா: என்னப்பா, ம்னு மட்டும் சொல்றீங்க?

அப்பா: வேற என்ன சொல்றது. நின்னிருப்பா. நான் உள்ள போய் ஜக்கு எடுத்துட்டு வரேன்.

அக்கா: நான் போறேன், நீங்க உக்காருங்க.

அப்பா: ஜக்கு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது.

தம்பி: சுவரோரமாப் போங்கப்பா.

அப்பா: ஏன், நடுவுல போனா என் வீடு என்னைக் கடிச்சுடுமா? ...ஸ். இந்த ஸ்டூலை யாரு இங்க வெச்சது?

தம்பி: அது எப்பவும் அங்கதாம்ப்பா இருக்கு.

அப்பா: இருக்கும் இருக்கும்.

அக்கா: ...போயிட்டார். கையைத் திற.

தம்பி: எந்தக் கையை?

அக்கா: குழிக்குள்ள விட்டதுல இருந்து மூடியே வெச்சிருக்கியே, அந்தக் கையை. ஒரு கையால மொண்டுட்டு இருக்க. உனக்கு இன்னொரு கை இருக்குன்னு எனக்குத் தெரியும்டா.

தம்பி: ஒண்ணும் இல்ல.

அக்கா: திற.

தம்பி: இந்தா, பாத்துக்கோ.

அக்கா: என்னடா இது? பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சா?

தம்பி: கத்தாத.

அக்கா: இது எப்படிடா ஓட்டைக்குள்ள... நீயா?

தம்பி: கத்தாத அக்கா. அவருக்குக் கண்ணுதான் போச்சு. காது பாம்புக் காது.

அக்கா: நீதான் அடைச்சியா?

தம்பி: ஆமா. நான்தான். போன தடவை வந்தப்ப. அவர் தூங்கிட்டு இருந்தார்.

அக்கா: உனக்கு மூளை இருக்கா?

தம்பி: அவர்கூட நீ வண்டியில உக்காந்து எவ்வளவு நாளாச்சு? சொல்லு. நான் உக்காந்தேன். சிக்னல் சிவப்புல இருக்கு, இவர் நேராப் போறார். அப்பா, சிவப்புன்னேன். தெரியுதுடான்னு பிரேக் போட்டார். தெரியல அக்கா. என் குரலைக் கேட்டுத்தான் போட்டார். அதுக்கு அடுத்த திருப்பத்துல சைக்கிள்ல ஒரு பொண்ணு. அவ ஹேண்டில் நம்ம சைடு கண்ணாடியை உரசிட்டுப் போகுது. ஒரு விரக்கடை தள்ளியிருந்தா அவ வண்டிக்கு அடியில. இவர் என்னைப் பார்த்து, என்னடா சத்தம்னு கேக்கறார்.

அக்கா: எங்கிட்ட ஏன் சொல்லல?

தம்பி: சொன்னா என்ன பண்ணியிருப்ப? அழுதிருப்ப.

அக்கா: சாவியை எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கலாம்ல.

தம்பி: ஒளிச்சேனே. ஆயுசு பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்ணின மனுஷன்கிட்ட சாவியை ஒளிச்சா நடக்குமா? ரெண்டு ஒயரைத் தொட்டு எடுத்துட்டுப் போயிட்டார். வந்து, சாவி கிடைச்சா சொல்லுடான்னார்.

அக்கா: கண் டாக்டர்?

தம்பி: கூட்டிட்டுப் போனேன். இனிமே ஓட்டக் கூடாதுன்னு அவர் முகத்துக்கு நேராச் சொன்னாங்க. வெளிய வந்து என்ன சொன்னார் தெரியுமா? அந்த டாக்டரே சோடாபுட்டி கண்ணாடி போட்டிருக்கார், அவருக்கு என்ன தெரியும்ங்கறார். சிரிக்காத.

அக்கா: சிரிக்கலடா. நீ செஞ்சது தப்புன்னும் சொல்ல முடியல. ஆனா அம்மாவை நினைச்சுப் பார்த்தியா? அவங்களுக்கு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். என்னை டீச்சர்னு கூப்பிடறாங்க. போன ஞாயித்துக்கிழமை வீட்டுப்பாடம் முடிச்சாச்சுன்னு நோட்டைக் காட்டினாங்க. நீ போனா?

தம்பி: குழாய் ரிப்பேர் பண்ண வந்த ஆளு. பாத்ரூமைக் காட்டினாங்க. நானும் போய்க் குழாயைத் திருகிப் பார்த்துட்டு வந்தேன்.

அக்கா: அப்புறம் நீ போகவே இல்ல.

தம்பி: அப்புறம் நான் போகவே இல்ல.

அக்கா: அப்பாவை சார்னு கூப்பிடறாங்க. அப்பாவைடா. இந்த வண்டி தெருமுனைல திரும்பறப்ப மட்டும்தான் அவங்க அவர் பொண்டாட்டி. அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து ஜன்னலுக்குப் போய் நிக்கறாங்க. அதையும் நீ ஒரு ஸ்பாஞ்சை வெச்சு அடைச்சுட்ட.

தம்பி: எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் அடைச்சேன். ரெண்டு பேர்ல ஒருத்தரையாவது முழுசா வெச்சுக்கலாம்னு பார்த்தேன்.

அக்கா: நான் ஓட்டிட்டுப் போறேன். அவர் பக்கத்துல உக்காரட்டும்.

தம்பி: நீ இருக்கிற ஊர்ல இருந்து தினமும் வந்தா? அதுவும் இல்லாம அவர் ஒத்துக்க மாட்டார். நான் கேட்டுட்டேன். என் கால் வேற, உன் கால் வேற, நான் கியர் மாத்தறது அவளுக்குத் தெரியும், நீ ஓட்டினா அது வெறும் காருங்கறார்.

அக்கா: அதுவும் நிஜம்தான்.

தம்பி: ஒண்ணு கேக்கறேன். நேத்து அம்மா ஜன்னல்ல நின்னதை நர்ஸா சொன்னாங்க?

அக்கா: நேத்து நான் ஹோமுக்கு ஃபோனே பண்ணல.

தம்பி: அப்ப?

அக்கா: அவர் அந்த நாற்காலியில உக்காந்திருந்த விதம்... முகத்தைப் பார்க்க முடியல. வாயில வந்துடுச்சு.

தம்பி: கம்பியைப் பிடிச்சுக்கிட்டுன்னு எல்லாம் சொன்னியே.

அக்கா: ஆரம்பிச்சுட்டா நிறுத்த முடியுமா? பொய்யும் இல்ல அது. நின்னிருப்பாங்க. அந்த நேரத்துக்கு நிப்பாங்கதானே?

தம்பி: நீ பார்த்திருக்கியா, அவங்க நிக்கறதை?

அக்கா: நான் பஸ்ல போறவ. பஸ்ஸுக்கு யாரு எழுந்து நிப்பா? அப்பாதான் சொல்லுவார். கேட்ல இருக்கிறவர் தினமும் சொல்லுவாராம், சார், அம்மா நிக்கறாங்கன்னு. அப்பாவும் கீழ இருந்து கையை ஆட்டுவாராம்.

தம்பி: வரார், வரார். ஸ்பாஞ்சைக் குடு.

அக்கா: என்கிட்டயே இருக்கட்டும்.

அப்பா: ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு? சின்ன வயசுல இப்படிப் பேசினா ஏதோ உடைஞ்சிருக்கும்.

தம்பி: இப்பவும் உடைஞ்சதைத்தான் பார்த்துட்டு இருக்கோம்.

அப்பா: இந்தா பெரியவளே, ஜக்கு.

அக்கா: அப்பா... நான் இந்தப் பக்கம் இருக்கேன்.

அப்பா: தெரியும். அவன்கிட்டதான் நீட்டினேன்.

தம்பி: குடுங்க. குழி காலி ஆயிடுச்சுப்பா. பேட்டரியைக் கழட்டி வெளிய வெச்சாச்சு.

அப்பா: நல்லது. இப்ப நான் ஊத்தறேன். நீங்க ரெண்டு பேரும் படுங்க.

தம்பி: எங்க?

அப்பா: எங்கன்னா? வழக்கமாப் படுக்கற இடத்துல. அவ இடது பக்கம். நீ வலது பக்கம். தண்ணி வந்தா சொல்லணும்.

தம்பி: அப்பா, எனக்கு என்ன வயசு தெரியுமா? படுத்தா எழுப்பி விட ஆள் வேணும்.

அக்கா: படுடா. உன் தொப்பை வண்டிக்கு அடியில போகுதான்னு பார்க்கலாம்.

தம்பி: உன் முட்டி முதல்ல மடங்குதான்னு பாரு.

அப்பா: உங்க அம்மா அந்தப் படியில நின்னு திட்டிட்டே இருப்பா. பிள்ளைங்களா இல்ல மீனா, இப்படித் தரையில பரப்பி வெச்சிருக்கீங்கன்னு.

அக்கா: திட்டுவாங்க. ஆனா அவங்கதான் ஜக்குல தண்ணி பிடிச்சுக் குடுப்பாங்க.

அப்பா: யாரு முதல்ல கத்தறீங்களோ அவங்களுக்கு முன் சீட்டுன்னு சொல்லுவேன்.

தம்பி: இருக்கிறதே ரெண்டு சீட்டு. அதுல ஒண்ணு உங்களுது. முன் சீட்டு, பின் சீட்டுன்னு எங்களை ஏமாத்தியிருக்கீங்க.

அப்பா: உனக்கு அது தெரியவே ரொம்ப வருஷம் ஆச்சு. படுத்தாச்சா?

அக்கா: படுத்தாச்சு. அம்மா... தரை சில்லுன்னு இருக்கு.

தம்பி: ஊத்துங்கப்பா. நடுவுல ஊத்துங்க. அது மட்கார்டு. இன்னும் உள்ள... இன்னும்... அங்கதான்.

அப்பா: எனக்குத் தெரியாதா? எட்டத்துல இருந்து ஊத்தறேன். சின்னவனே, உன் பக்கம்?

தம்பி: வந்துடுச்சு.

அப்பா: வரும். எனக்குத் தெரியும். பெரியவளே, உன் பக்கம் என்ன?

அக்கா: வரலப்பா.

அப்பா: நல்லாப் பாரு. இன்னும் கொஞ்சம் ஊத்தறேன்.

அக்கா: ஒரு சொட்டு கூட வரல. டேய்... இங்க திரும்பு.

தம்பி: என்ன?

அக்கா: மெதுவாப் பேசு. இந்தப் பக்கத்தையும் அடைச்சு வெச்சுட்டு எடுக்க மறந்துட்டியா?

தம்பி: நான் அந்தப் பக்கம் வரவே இல்ல.

அக்கா: பொய் சொல்லாத.

தம்பி: சத்தியமா இல்ல. நான் என் பக்கத்துல மட்டும்தான் வெச்சேன். எப்பவும் நான் படுக்கற பக்கம்... அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்.

அக்கா: மடையா. ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு வடிச்சுடும்னு அவர் இப்பத்தானே சொன்னார்?

தம்பி: அவர் சொன்னப்பத்தான் எனக்கே உறைச்சுது. நீயும் ஏதாவது வெச்சியோன்னு நினைச்சேன்.

அக்கா: நானா? நான் இதை ஓட வைக்கணும்னு வந்தவ.

தம்பி: அப்ப யாரு?

அப்பா: அடியில என்ன பட்டிமன்றம்? குழாயைத் தடவிப் பாரு பெரியவளே. நுனியில வாத்து மூக்கு மாதிரி ரப்பர் இருக்கும். அதை அமுக்கு.

அக்கா: அமுக்கறேன்... கெட்டியா இருக்கு. உள்ள என்னமோ இருக்கு. இரு... வருது. வந்துடுச்சு.

தம்பி: தண்ணியா?

அக்கா: தண்ணியும்தான். தலையெல்லாம் போச்சு. டேய், இதைப் பாரு. கையை நீட்டு.

தம்பி: என்ன இது... துணியா?

அக்கா: கிரீஸ் துணி. இறுக்கி உருட்டியிருக்கு. சுத்திலும் என்ன கட்டியிருக்கு பாரு.

தம்பி: செம்புக் கம்பி.

அக்கா: எத்தனை முறுக்கு?

தம்பி: ரெண்டு. வாலை உள்ள மடிச்சு விட்டிருக்கு.

அக்கா: கையைக் கிழிக்கக் கூடாதுன்னு.

தம்பி: என் ஸ்கூல் பையோட பட்டை...

அக்கா: கெட்டில் மூடி. அம்மாவோட கண்ணாடிக் காது. இந்த வீட்ல ஒட்டிக்கிட்டு இருக்கிற எல்லாத்துலயும் இதே முறுக்குதான். உலகத்துலயே ஒரே ஒரு ஆளுதான் இப்படிக் கட்டுவார்.

தம்பி: அவரே எதுக்கு அக்கா...

அக்கா: தெரியல. எதுவும் கேக்காத. அவர் சொல்லலைன்னா நமக்கும் தெரியாது. புரியுதா? இலைன்னு சொல்லிடலாம்.

தம்பி: சரி.

அப்பா: என்ன வந்துச்சு பெரியவளே?

அக்கா: இலைப்பா. வெறும் இலை. மக்கிப் போயிருக்கு.

அப்பா: இலையா?

அக்கா: காத்துல எங்கிருந்தாவது பறந்து வந்திருக்கும்.

அப்பா: செம்புக் கம்பி கட்டின இலையா? எழுந்திருங்க. தரை ஈரம். சளி பிடிக்கும்.

தம்பி: அப்பா, நீங்க எதுக்கு...

அப்பா: முதல்ல எழுந்திருடா. உன்னை எழுப்பி விட ஆள் வேணும்னியே, கையைக் குடு. ...இது சக்கரம். கை எங்க?

தம்பி: இங்க இருக்குப்பா.

அப்பா: ம். பிடி. அந்த ஸ்பாஞ்சை எங்க வெச்ச?

தம்பி: எந்த...

அப்பா: போன வாரம் எப்பவும் போலத் தண்ணி ஊத்திப் பார்த்தேன். உன் பக்கம் வரல. கையை விட்டுத் தடவினேன். பாத்திரம் தேய்க்கற சோப்பு வாசனை கூடப் போகல. இந்த வீட்டுக்கு வந்து போறவங்கள்ல இப்படி ஒரு வேலையைச் செய்யறவன் யாருன்னு யோசிக்கவே வேண்டியிருக்கல.

தம்பி: அப்பா, அந்த சைக்கிள் பொண்ணு...

அப்பா: தெரியும். கண்ணாடில கீறல் இருந்துச்சு. விரல்ல பட்டுச்சு. நீ செஞ்சது சரிதான். ஆனா ஒரு பக்கத்தை மட்டும் அடைச்சுட்டுப் போயிட்ட. இன்னொரு பக்கம் இருக்கறதே உனக்கு ஞாபகம் இல்ல. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான், நீ படுத்த பக்கம்தான் உனக்கு உலகம். அரைகுறை வேலையா விட்டுட்டுப் போனா எனக்கு ஆகாது. மீதியை நான் முடிச்சேன்.

அக்கா: அவன் அடைச்சதைப் பார்த்துட்டு... நீங்களுமா?

அப்பா: ஆமா.

அக்கா: அடைச்சுட்டு மழைக்குக் காத்திருந்தீங்களா?

அப்பா: மழை அன்னிக்கே வந்துச்சு. நான் இங்கதான் உக்காந்திருந்தேன். குழியில தண்ணி ஏறுற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. எந்திரிச்சுப் போய்த் துணியை உருவிடலாம்னு தோணுச்சு. உருவல.

அக்கா: ஓட்ட முடியலடா, கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க...

அப்பா: கண்ணு தெரியாதது இன்னிக்கு நேத்து கதையா? குளிர் ஆரம்பிச்சப்பவே அவ ஜன்னல் எனக்கு மறைஞ்சு போச்சு. மாடியே ஒரு மங்கலாத்தான் தெரியும். அப்பவும் ஓட்டினேன்ல. சுவரை இடிச்சாலும் ஓட்டினேன்ல.

தம்பி: அப்ப ஏன் நிறுத்தினீங்க?

அக்கா: அப்பா, உக்காருங்க. ஒண்ணும் கெட்டுப் போகல. இன்னிக்கே காய வெச்சுடறேன். நான் இங்கயே இருந்துடறேன், கொஞ்ச நாளைக்கு. நானே ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்து கியர் மட்டும் போடுங்க, நான் கிளட்ச் மிதிக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்து அதே சத்தத்தைக் கொண்டு வந்துடலாம். அம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது.

அப்பா: நல்ல யோசனை.

அக்கா: சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். தெருமுனைல திரும்பினதும் அவங்க எழுந்துடுவாங்க...

அப்பா: உங்க அம்மாவை முதல்ல எங்க பார்த்தேன்னு தெரியும்ல.

தம்பி: லிஃப்ட்ல. நூறு தடவை சொல்லியிருக்கீங்க.

அப்பா: ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட்ல. கதவைப் பிளந்துட்டுக் கையை விட்டேன். டைப் அடிச்சு அடிச்சு விரல் நுனியெல்லாம் காப்பு காய்ச்சிருந்துச்சு. பிடிச்சுக்கோங்கன்னேன். பிடிச்சுக்கிட்டா. தூக்கிட்டேன். அன்னிக்குக் கை எட்டுச்சு.

அக்கா: இப்பவும் எட்டும்ப்பா. நேத்து கூட நின்னாங்கன்னு சொன்னேன்ல? கம்பியைப் பிடிச்சுக்கிட்டு... அப்புறம் ஏன்ப்பா இதை அடைச்சீங்க?

அப்பா: அடைக்கறதுக்கு முதல் நாள் ஹோமுக்குப் போனேன். கேட்ல எப்பவும் இருக்கறவர் அன்னிக்கு வரல. புதுசா ஒருத்தர் நின்னார். அம்மா நிக்கறாங்களான்னு கேட்டேன். எந்த அம்மா சார், ஜன்னல்ல யாரும் இல்லையேன்னார். ஆக்ஸிலேட்டரை நல்லா மிதிச்சேன். இப்ப நிக்கறாங்களான்னேன். இல்ல சார்னார். மேல ஏறிப் போனேன். கட்டில்ல உக்காந்து, காதைப் பொத்திக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்து, சார், கீழ எவனோ வண்டியைப் போட்டுக் கத்த விடறான், கொஞ்சம் போகச் சொல்லுங்கன்னா. அவ எழுந்து ஜன்னலுக்குப் போயே ரொம்ப மாசம் ஆச்சாம், நர்ஸ் சொன்னாங்க. கேட்ல இருந்தவர் நல்ல மனுஷன், என் மூஞ்சியைப் பார்த்திருப்பார், வாயில வந்திருக்கும். இத்தனை நாளா வெறும் ஜன்னலுக்குக் கையை ஆட்டிட்டு வந்திருக்கேன். வண்டி ஓடினா, அவ ஜன்னலுக்கு வரலைன்னு ஆயிடும். ஓடலைன்னா, வண்டி போகலை, அதான் வரலைன்னு இருந்துடலாம். அதுக்குத்தான் அடைச்சேன். ...பெரியவளே, அவ நேத்து நின்னான்னு சொன்னியே. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, தெருமுனையைப் பார்த்துக்கிட்டுன்னு. அதை இன்னொரு தடவை சொல்லு.